தோற்றது எப்போது, சரணடைந்தது எப்போது? ஜப்பானின் கடைசி ஆறு மாதங்கள்

கேள்வி இதுதான்: ஜெர்மனி 1945 மே மாதமே விழுந்துவிட்டது. துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக நின்ற ஜப்பான் ஆகஸ்ட் வரை ஏன் இழுத்தது? கடைசியில் அதைப் பணிய வைத்தது அணுகுண்டா, ரஷ்யாவின் படையெடுப்பா?

"இரண்டும்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது நடந்ததைப் புரியவைக்காது. ஜப்பான் போரில் தோற்றது ஆகஸ்டில் அல்ல, அதற்கு வெகு முன்பே. தோற்பது ஒன்று, தோற்றோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது வேறொன்று. முதலாவது போர்க்களத்தில் நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது ஒரு அறைக்குள், ஆறு பேருக்கு நடுவே நடக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேருக்கும் ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

1945 பிப்ரவரி 14 அன்று, முன்பு மூன்று அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கிய இளவரசர் கொனோயே, பேரரசர் ஹிரோஹிதோவைச் சந்தித்து ஒரு மனு கொடுத்தார். தோல்வி தவிர்க்க முடியாதது, போரை இழுத்துக்கொண்டே போனால் உள்நாட்டில் கம்யூனிஸ்ட் புரட்சி வெடிக்கும், முடியாட்சியே போய்விடும், ஆகவே சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். பேரரசரின் பதில்: இன்னும் ஒரு முறையாவது எதிரியை நன்றாக அடித்துவிட்டுப் பேச்சுக்குப் போகலாம், இப்போது கஷ்டம்.

இந்த "இன்னும் ஒரு அடி" என்ற எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதமும் அதைச் சுற்றித்தான் ஓடியது. அமெரிக்கர்களுக்கு ஏதாவது ஒரு தீவில் பெரிய ரத்தச் சேதம் ஏற்படுத்தினால் அவர்கள் மனம் சலித்துப்போவார்கள், நமக்குச் சாதகமான நிபந்தனைகளோடு சமாதானம் பேசலாம் என்பதுதான் கணக்கு. இவோ ஜிமாவில் பார்க்கலாம் என்றார்கள். அது போனதும் ஒகினாவா என்றார்கள். ஒகினாவாவும் ஜூன் மாதக் கடைசியில் போனது. அங்கே உள்ளூர் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் செத்துப்போனார்கள், குகை மருத்துவமனைகளில் தாதியராக நிறுத்தப்பட்ட பள்ளி மாணவிகள் உட்பட. அதற்கப்புறமும் கணக்கு மாறவில்லை. அடுத்து தெற்கே உள்ள பெரிய தீவான கியூஷூவில் அமெரிக்கன் இறங்கட்டும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றது ராணுவம்.

இதற்கிடையில் நாடு எந்த நிலையில் இருந்தது? மார்ச் 9ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் 279 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவின் மேல் தாழப் பறந்து வந்து தீக்குண்டுகளைக் கொட்டின. மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய வீடுகள், நெருக்கமான தெருக்கள், பலமான காற்று வேறு. பொழுது விடிவதற்குள் 41 சதுர கிலோமீட்டர் நகரம் சாம்பல். உயிருக்குத் தப்பித்து சுமிதா ஆற்றையும் கால்வாய்களையும் நோக்கி ஓடியவர்கள் அங்கேயே கும்பல் கும்பலாக இறந்தார்கள். அந்த ஓர் இரவில் மட்டும் சுமார் 1 லட்சம் பேர். ஆகஸ்டுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படி எரிந்தன. அணுகுண்டைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். நகரம் அழிவது அந்தத் தலைவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. அவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டிருந்தார்கள்.

கடலும் மூடிக்கொண்டது. நீர்மூழ்கிகள் ஏற்கனவே பெரும்பாலான சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டன. மார்ச் கடைசியிலிருந்து அமெரிக்க விமானங்கள் துறைமுக வாய்களில் கண்ணிவெடிகளைப் போட ஆரம்பித்தன. எண்ணெய் வரவில்லை, அரிசி வரவில்லை. ஜூலையில் அரிசி ரேஷனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். கருவாலிக் கொட்டைகளைப் பொறுக்கி உணவுக்குச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது அரசாங்கம். விமானத்துக்கு எரிபொருள் வேண்டும் என்று ஊர் ஊராகப் பைன் மரங்களின் வேரைத் தோண்டி எடுத்துக் காய்ச்சினார்கள். இருநூறு வேர் இருந்தால் ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் என்று பிரச்சாரம் நடந்தது. கிழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மண்வெட்டியோடு மலைச்சரிவில் வேர் தோண்டுவதை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். அதுதான் 1945 கோடைக்கால ஜப்பான்.

இப்போது அந்த அறைக்கு வருவோம். ஏப்ரல் 7 அன்று பிரதமராக வந்தவர் சுசுகி கந்தாரோ. வயது 77, பழைய கடற்படைத் தளபதி. 1936 பிப்ரவரியில் நடந்த ராணுவக் கலகத்தில் அவரைச் சுட்டுத் தரையில் வீழ்த்தினார்கள். கடைசி வெட்டுக்குக் கத்தியை எடுத்தபோது மனைவி குறுக்கே நின்று மன்றாடியதால் உயிர் தப்பினார். சமாதானம் என்ற சொல்லை உரக்கச் சொன்னால் இளம் அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்பதை அவர் உடம்பே அறிந்திருந்தது. பேரரசர் தன்னிடம் போரை முடிக்கச் சொல்கிறார் என்று குறிப்பால் உணர்ந்தும், வெளியே கடைசிவரை போராடுவோம் என்றே பேசிக்கொண்டிருந்தார்.

முடிவெடுக்க வேண்டிய ஆறு பேர்: பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் தோகோ, ராணுவ அமைச்சர் அனாமி, கடற்படை அமைச்சர் யோனாய், தரைப்படைத் தலைமைத் தளபதி உமேசு, கடற்படைத் தலைமைத் தளபதி தொயோதா. பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது, ஆறு பேரும் ஒத்துப்போக வேண்டும். அமைச்சரவையிலும் அதே கதைதான். அதற்கு மேல், ராணுவ அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டு ராணுவம் வேறு ஆளைக் கொடுக்க மறுத்தால் அமைச்சரவையே கவிழ்ந்துவிடும். ஆக, ராணுவம் வேண்டாம் என்றால் எதுவும் நகராது. பேரரசரோ, அமைச்சரவை ஒருமனதாகக் கொண்டுவருவதை ஏற்பதுதான் தன் வழக்கம் என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். குற்றம் யாருடையது என்று பிற்பாடு ஆளாளுக்கு விரலை நீட்டினாலும், அந்தக் கோடைக்காலம் முழுக்க ஒருவரும் முன்னால் வந்து "போதும்" என்று சொல்லவில்லை என்பதே உண்மை.

ஜூன் 22 அன்று பேரரசர் முதன்முறையாக ஆறு பேரையும் அழைத்து, போரை முடிக்கும் வழியையும் பாருங்கள் என்றார். அவர்கள் பார்த்த வழி மாஸ்கோ. ரஷ்யாவோடு 1941இல் செய்துகொண்ட நடுநிலை ஒப்பந்தம் இருந்தது. அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஏப்ரல் 5ஆம் தேதியே ரஷ்யா சொல்லிவிட்டது. என்றாலும் ஒப்பந்தம் 1946 ஏப்ரல் வரை உயிரோடு இருக்கிறது, ஸ்டாலினை நடுவராக வைத்து அமெரிக்காவோடு பேசலாம், கொனோயேவைத் தூதராக அனுப்பலாம் என்று நம்பினார்கள். ஸ்டாலினோ பிப்ரவரியிலேயே யால்டா மாநாட்டில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும், ஜெர்மனி வீழ்ந்த இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மேல் பாய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

மாஸ்கோவில் இருந்த தூதர் சாதோ நாவோதகே எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர். டோக்கியோவிலிருந்து தோகோ, நிபந்தனையற்ற சரண் மட்டும் கூடாது, ரஷ்யர்களிடம் பேசிப் பாருங்கள் என்று தந்தி மேல் தந்தி அனுப்புகிறார். சாதோ ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதுகிறார்: திட்டவட்டமாக எதையும் சொல்லாமல் ரஷ்யர்களை அசைக்க முடியாது, நம் நிலைமையில் நிபந்தனையற்ற சரணுக்கோ அதற்கு நெருக்கமான ஒன்றுக்கோ தயாராக வேண்டியதுதான். மேலிடத்துக்குப் பிடிக்காததை அரசு ஊழியர் ஒருவர் இவ்வளவு நேராக எழுதியது அந்த வருடத்தில் அபூர்வம். கொடுமை என்னவென்றால், இந்தத் தந்திகளை அமெரிக்கர்கள் சங்கேதத்தை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சாதோவின் அறிவுரையை டோக்கியோ நிராகரித்ததையும் சேர்த்தே படித்தார்கள்.

அந்தத் தந்திகள் போய்வந்துகொண்டிருந்த வாரங்களில் ஆசியா முழுக்க ஜப்பானியப் பிடியில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நம் ஆட்களும் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் மிஞ்சியவர்கள், 1943 அக்டோபரில் பாதை போட்டு முடிந்த பின்பும் பராமரிப்பு வேலைக்கென்று காட்டு முகாம்களிலேயே பிடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். காலரா, மலேரியா, புண், பசி, போதாதற்குப் பாலங்களின் மேல் நேச நாடுகளின் குண்டு. டோக்கியோவில் ஒரு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டால் அங்கே ஒரு வாரம் கூடும். இதை யோசிக்காமல் என்னால் இந்தத் தேதிகளைப் படிக்க முடிவதில்லை.

ஜூலை 26 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் சேர்ந்து விடுத்த போட்ஸ்டாம் அறிவிப்பு வந்தது: சரணடையுங்கள், இல்லையென்றால் உடனடியான முழு அழிவு. பேரரசரின் கதி என்ன என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. சுசுகி இரண்டு நாள் கழித்து நிருபர்களிடம் "மொகுசாட்சு" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மௌனம், கொலை என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல் அது. கண்டுகொள்ளாமல் விடுவது என்று மென்மையாகவும் எடுக்கலாம், அலட்சியமாக ஒதுக்குவது என்று கடுமையாகவும் எடுக்கலாம். இந்த ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்ததால்தான் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது சரியல்ல. குண்டு போடுவதற்கான உத்தரவு ஜூலை 25ஆம் தேதியே, அதாவது போட்ஸ்டாம் அறிவிப்புக்கு முந்தின நாளே கையெழுத்தாகிவிட்டது. அதைத் தடுத்திருக்கக்கூடியது உடனடியான ஒப்புதல் மட்டும்தான். அதைச் சொல்லும் எண்ணம் ஆறு பேரில் ஒருவருக்கும் இல்லை. தோகோகூட, ரஷ்யா பதில் சொல்லட்டும், பொறுத்திருப்போம் என்றுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 6, காலை 8:15, ஹிரோஷிமா. அந்த வருடம் முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். இது அணுகுண்டுதானா என்று ராணுவம் முதலில் சந்தேகப்பட்டது, ஆராய்ச்சியாளர்களை அனுப்பியது. 8ஆம் தேதி பேரரசர் தோகோவிடம் இனித் தாமதிக்க வேண்டாம் என்றார். உடனே ஆறு பேரையும் கூட்டப் பார்த்தார்கள். ஒருவருக்கு அன்று வர முடியவில்லை என்று கூட்டம் மறுநாளைக்குப் போனது. ஒரு நகரமே எரிந்துகொண்டிருக்கும்போது!

அந்த மறுநாள் வருவதற்குள் மாஸ்கோவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் மோலோடோவ், சமாதானத் தூதுக்குப் பதில் சொல்லப் போகிறார் என்று நம்பி வந்த சாதோவை உட்காரவைத்து, போர்ப் பிரகடனத்தை வாசித்துக் காட்டினார். நள்ளிரவு தாண்டியதும் பதினைந்து லட்சம் ரஷ்யச் சிப்பாய்கள் ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்தார்கள். இது வேறு வகையான அடி. குண்டு ஊரை அழித்தது. ரஷ்யா திட்டத்தையே அழித்தது. கியூஷூவில் பெரிய அடி கொடுத்து, ரஷ்யாவை நடுவில் வைத்துப் பேரம் பேசுவது என்ற கணக்கில் நடுவரே எதிரியாகிவிட்டார்.

9ஆம் தேதி காலை பத்தரைக்கு ஆறு பேரும் கூடினார்கள். அமெரிக்காவிடம் இந்த மாதிரிக் குண்டு அதிகம் இருக்காது என்பது தொயோதாவின் வாதம். பேசிக்கொண்டிருக்கும்போதே நாகசாகியில் இரண்டாவது அணுகுண்டு விழுந்த செய்தி வந்தது. என்றாலும் மூன்றுக்கு மூன்று. சுசுகி, தோகோ, யோனாய் மூவரும் பேரரசர் பதவிக்கு மட்டும் உறுதி கேட்டு ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். அனாமி, உமேசு, தொயோதா மூவரும் மேலும் மூன்று நிபந்தனை வேண்டும் என்றார்கள்: ஆயுதத்தை நாங்களே கீழே வைப்போம், போர்க் குற்றவாளிகளை நாங்களே விசாரிப்போம், அந்நியப் படை எங்கள் மண்ணில் நிற்கக் கூடாது. அமைச்சரவை இரவு வரை கூடியும் பிளவு தீரவில்லை.

பேரரசர் முன்னிலையில் கூட்டம் கூட்ட இரண்டு தலைமைத் தளபதிகளின் கையெழுத்தும் வேண்டும். அமைச்சரவைச் செயலாளர் சகோமிசு அதைச் சாமர்த்தியமாக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு, அரண்மனை நிலவறையில், காற்றோட்டமில்லாத புழுக்கமான சின்ன அறையில் கூட்டம் தொடங்கியது. இரண்டு மணி நேரம் போல அவரவர் பழைய பேச்சையே பேசி முடித்தார்கள். சுசுகி எழுந்தார். யாரும் எதிர்பார்க்காத விதமாக, எங்களால் முடியவில்லை, தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று பேரரசரைப் பார்த்துக் கேட்டுவிட்டார். ஹிரோஹிதோ தோகோவின் பக்கம் நின்றார். டோக்கியோவுக்குக் கிழக்கே குஜூகுரி கடற்கரையில் தயாராகிவிடும் என்று ராணுவம் சொன்ன அரண்கள் இன்னும் தயாராகவில்லை என்று சுட்டிக்காட்டினார். கியூஷூ அடியின் மேல் வைத்த நம்பிக்கை அவருக்கே போய்விட்டது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிகிறது.

10ஆம் தேதி சுவிட்சர்லாந்து, சுவீடன் வழியாகச் செய்தி போனது. அமெரிக்காவின் பதில் வந்ததும் மறுபடியும் ஒரு சொல் தகராறு. பேரரசரின் அதிகாரம் நேச நாடுகளின் தலைமைத் தளபதிக்கு உட்பட்டது என்று பதிலில் இருந்தது. வெளியுறவு அமைச்சகம் அந்த "உட்பட்டது" என்பதைக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்படும் என்று பதமாக மொழிபெயர்த்தது. ராணுவமோ அடிமைப்பட்டது என்ற பொருள் வரும் சொல்லைப் போட்டு எரிச்சலைக் கிளப்பியது. இந்தச் சண்டையில் இரண்டு நாளுக்கு மேல் போயிற்று. நடுவில் சில நாள் நின்றிருந்த பி-29 குண்டுவீச்சு 14ஆம் தேதி மறுபடியும் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 14ஆம் தேதி காலை, இந்தப் பேச்சுவார்த்தையின் விவரமே அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் டோக்கியோவில் விழுந்து கிடந்தன. ஒன்று அரண்மனையில் பேரரசரின் ஆலோசகர் கிதோவின் கைக்கும் வந்தது. சிப்பாய்கள் படித்தால் கலகம் வரும் என்று பதறிப்போனார்கள். அன்று பகலில் பேரரசர் மறுபடியும் எல்லோரையும் கூட்டி, கண்ணீரோடு, முடிந்தது என்றார். கொனோயே மனு கொடுத்து அன்றோடு சரியாக ஆறு மாதம்.

கலகமும் வந்தது. இரவு பேரரசர் தன் குரலில் அறிக்கையைப் படித்து இசைத்தட்டில் பதிவு செய்தார். அதை ஒளிபரப்ப விடக் கூடாது என்று மேஜர் ஹதானகாவும் கூட்டாளிகளும் அரண்மனைக் காவல் படையின் தளபதி மோரியைக் கொன்றுவிட்டு, அவர் பெயரில் பொய் உத்தரவு போட்டு அரண்மனையை வளைத்தார்கள். தட்டுகளை ஒரு அரண்மனை ஊழியர் அரசியின் தோழியர் அறை ஒன்றில் சிறிய பெட்டகத்துக்குள் பூட்டி வைத்திருந்தார். விமானத் தாக்குதல் எச்சரிக்கையால் ஊரே இருட்டு. சிப்பாய்கள் விளக்குப் பிடித்துக்கொண்டு அறை அறையாகத் தேடியும் கிடைக்கவில்லை. விடிந்தபோது ஜெனரல் தனாகா நேரில் வந்து கலகத்தை அடக்கினார். ஹதானகா தன்னையே சுட்டுக்கொண்டார். ராணுவ அமைச்சர் அனாமி அதே விடியலில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். கலகத்தில் சேர மறுத்தவர் அவர்தான். சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

15ஆம் தேதி நண்பகல் அந்தத் தட்டு ரேடியோவில் சுழன்றது. ஜனங்கள் பேரரசரின் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அரண்மனை நடை, பழைய மொழி, இரைச்சல் வேறு. பலருக்கு என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. போரின் போக்கு ஜப்பானுக்குச் சாதகமாக அமைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை என்றார். எதிரி புதிய, கொடிய குண்டைப் பயன்படுத்துகிறான் என்றார். சரண் என்ற சொல் வரவே இல்லை.

சரி, குண்டா ரஷ்யாவா? இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, சிப்பாய்களுக்கென்று தனியாக ஓர் அறிக்கை வந்தது. அதில் ரஷ்யா போரில் இறங்கியது காரணமாகச் சொல்லப்படுகிறது, குண்டைப் பற்றிப் பேச்சில்லை. ஜனங்களுக்குக் குண்டு, ராணுவத்துக்கு ரஷ்யா. என் கணிப்பு இதுதான்: ராணுவத்தின் கடைசித் திட்டத்தை உடைத்தது ரஷ்யா, போர்க்களத்தில் தோற்றோம் என்று சொல்லாமல் வெளியேற வழி கொடுத்தது குண்டு. கடற்படை அமைச்சர் யோனாய் ஆகஸ்ட் 12ஆம் தேதியே இரண்டையும் வானம் கொடுத்த உதவி என்ற பொருளில் பேசியிருக்கிறார். உள்நாட்டு நிலைமையால் போரை விடுகிறோம் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று அல்லவா, அந்த நிம்மதி. இரண்டு லட்சம் பேர் செத்ததை ஓர் அமைச்சர் உதவி என்று சொல்லும் நிலைக்கு அந்த அமைப்பு வந்திருந்தது. அவர் சமாதானம் வேண்டும் என்றவர் என்பதையும் மறக்கக் கூடாது.

செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி கப்பலில் கையெழுத்து. புதிய வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு, ஷாங்காயில் 1932இல் நடந்த வெடிகுண்டுத் தாக்குதலில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு மேலே ஏறி வந்து முதலில் கையெழுத்துப் போட்டார். நேச நாடுகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தருக்குப் பின்னால், 1942இல் சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைத்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சிறைமுகாம் மெலிவோடு நின்றிருந்தார்.

சிங்கப்பூரில் விடுதலை உடனே வரவில்லை. ஆகஸ்ட் 15க்குப் பிறகு மூன்று வாரம் காத்திருந்த பின், செப்டம்பர் 5 அன்று ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவு கரையிறங்கியது. 12ஆம் தேதி நகராட்சிக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் முன்னால் ஜப்பானிய ஜெனரல் இதகாகி கையெழுத்திட்டார். கையெழுத்திட வேண்டிய தென்பகுதித் தலைமைத் தளபதி தெராவுச்சி நோயில் படுத்திருந்ததால் வரவில்லை. அவர் தன் வாளை மவுண்ட்பேட்டன் கையில் கொடுத்தது சைகோனில், நவம்பர் 30 அன்று.